ஆய்வகக் கணினிகளைக் கண்காணிக்க ஒரு கட்டற்ற மென்பொருள்

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இணையவழி மதிப்பீடு என்றால், பிள்ளைக்கு ஒரு கணினி என்று கணக்கிட்டுத்தான் குழு பிரிக்கிறோம். இருபதில் ஐந்து இயங்கவில்லை என்று காலையில் தெரியவந்தால் அன்றைய அட்டவணையே குலையும். கடைசிக் குழுவினர் பேருந்தைத் தவறவிடுவார்கள். முந்தைய நாளே தெரிந்தால் ஏதாவது செய்யலாம். வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருளின் பயன் இதுதான். (மாணவர் திரையை ஆசிரியர் பார்க்க உதவும் வேயான், எபோப்டிஸ் போன்றவை வேறு வகை.)

இவற்றின் அடிப்படை, மைக் மூஸ் 1983-இல் எழுதிய 'பிங்' என்ற சிறு நிரல். ஒரு கணினி இன்னொன்றை 'இருக்கிறாயா?' என்று கேட்கிறது. பதில் வரும் நேரத்தை அளக்கிறது. சோனார் ஒலியை வைத்துச் சூட்டிய பெயர் அது. குளச்சல், முட்டம் பிள்ளைகளிடம் படகிலுள்ள எக்கோ சவுண்டர் என்றாலே போதும்.

ஜாபிக்ஸ், நாகியோஸ் இரண்டும் பெயர்பெற்றவை. இரண்டையும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஜாபிக்ஸுக்குத் தனியே தரவுத்தளம் வேண்டும். நூற்றுக்கணக்கான கருவிகள் உள்ள அலுவலகத்துக்கு அது பொருந்தும். இருபது கணினிக்கு எலி பிடிக்க மலையைக் கெல்லிய கதைதான். 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளிவந்த நாகியோஸின் தோற்றம் பழையது, அமைப்புகளை உரைக்கோப்பில் தட்டச்சு செய்ய வேண்டும். ஆனாலும் என் தேர்வு அதுவே. லினக்ஸ் நிறுவிய பழைய கணினி ஒன்று போதும்.

காரணம், அதிலுள்ள 'பேரன்ட்ஸ்' என்ற ஒரு வரி. பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்புக்கு வரவில்லையென்றால் வயல் வயலாகவா போய்ப் பார்ப்போம்? எந்த மடை அடைந்திருக்கிறது என்றுதான் பார்ப்போம். ஐப்பசி இடியில் நெட்வொர்க் ஸ்விட்ச் பழுதானால் இருபது கணினியும் பதில் தராது. இருபது எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தால் யார் படிப்பார்கள்? இரண்டு முறை அப்படி வந்தால் மூன்றாம் முறை உண்மையான பழுதையும் திறந்து பார்க்க மாட்டோம். ஒவ்வொரு கணினிக்கும் ஸ்விட்சைப் பேரன்ட் என்று எழுதிவிட்டால், ஸ்விட்ச் 'டவுன்', கணினிகள் 'அன்ரீச்சபிள்' என்று நாகியோஸ் பிரித்துக் காட்டும். அன்ரீச்சபிளுக்கு அறிவிப்பு வேண்டாம் என்றும் குறிக்கலாம். ஒரே மடல்தான் வரும். ஸ்விட்சுக்கு ஐபி முகவரி இல்லையென்றால், அதில் செருகிய, எப்போதும் இயங்கும் சர்வரைப் பேரன்ட் ஆக்கலாம். கண்காணிக்கும் கணினி ரூட்டர் பக்கம் இருக்கட்டும். அதே ஸ்விட்சில் செருகினால் மடல் வெளியே போக வழியிருக்காது.

மூன்று முறை கேட்டும் பதில் இல்லாதபோது மட்டும் அறிவிக்கச் சொல்லுங்கள். சோதிக்கும் நேரத்தைப் பள்ளி நேரமாக வரையறுங்கள். இல்லையேல் மாலையில் கணினிகளை அணைத்ததும் அத்தனையும் பழுதென்று வரும். கணினிகளின் ஐபி முகவரி மாறாதபடி ரூட்டரில் ஒதுக்கீடு செய்வது அவசியம். நன்றாக ஓடும் விண்டோஸ் கணினியும் ஃபயர்வால் தடுப்பதால் பிங்குக்குப் பதில் தராமல் இருக்கலாம். அந்த அனுமதியை மாற்றவும், கண்காணிப்புக் கணினியை இணைக்கவும் தலைமையாசிரியரிடமும் பராமரிப்புப் பொறுப்பாளரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கணினியின் பெயராக, அதில் ஒட்டியுள்ள எண்ணையே எழுதுங்கள். எந்தக் கணினி எந்த நாளில் எவ்வளவு நேரம் நின்றது என்ற அறிக்கையை நாகியோஸே தரும். பராமரிப்புப் புகார் எழுதும்போது 'அடிக்கடி பழுதாகிறது' என்பதற்குப் பதிலாக அந்தத் தாளை இணைத்து அனுப்பலாம்.