முதலில் டயர், பிறகு ரிம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எங்கள் பட்டறைக்கு வரும்போது கைப்பேசியில் ஒரு படத்தோடுதான் வருவார்கள். பளபளக்கும் பெரிய ரிம், நாடா போல மெல்லிய டயர், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. "இதே மாதிரி வேணும்" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அந்த அளவில் நல்ல டயர் கிடைக்குதா?"

ரிம்மை ஒருமுறை வாங்கினால் இருபது வருடம் கிடக்கும். டயர் அப்படியில்லை. ஓடினால் தேயும், ஓடாமல் நின்றால் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். திரும்பத் திரும்ப வாங்க வேண்டியது எதுவோ, அதிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். இங்கிலாந்தில் இந்தத் தொழிலில் நான் எல்லோரிடமும் வாதாடும் விஷயம் இது.

எடுத்துக்காட்டுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான ஜப்பான் கார். லோட்டஸ் எலான் போன்ற 1960களின் சிறிய பிரிட்டிஷ் கார்களை மனத்தில் வைத்துச் செய்தது. இரண்டு இருக்கை, திறந்து மூடும் கூரை, ஆரம்ப கால வண்டிகளில் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இங்கே இன்றும் நிறைய ஓடுகின்றன. அண்மையில் இப்படி ஒரு முதல் தலைமுறை வண்டி வாங்கிய நம்மூர்ப் பையன் ஒருவன் வந்தான். "அண்ணா, பதினேழு இன்ச் போட்டா இடிக்குமா?" என்றான். "இடிக்காமப் போடலாம் தம்பி. போடணுமா என்பதுதான் கேள்வி" என்றேன்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது

அவன் காரில் ஏற்கெனவே இருந்த டயரில் 185/60 ஆர் 14 82 எச் என்றிருந்தது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம். அதாவது 111 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், இதுமட்டும் இன்ச்சில். 82 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 475 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை.

இப்போது ஒரு கூட்டல். 14 இன்ச் என்பது 355.6 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர், 222 மி.மீ. கூட்டினால் 578 மி.மீ. வருகிறது. இதுதான் டயரின் முழு உயரம். ஸ்பீடாமீட்டர், கியர் விகிதம், மட்கார்டுக்குள் இருக்கும் இடம் எல்லாமே இந்த எண்ணை நம்பி அமைந்தவை. ரிம் எந்த அளவுக்கு மாறினாலும் இந்த உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும்.

195/50 ஆர் 15 போட்டால் உயரம் 576. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். 205/45 ஆர் 16 என்றால் 591. பையன் கேட்ட 17 இன்ச்சுக்கு 205/40 போட்டால் 596, மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. முன்பு மணிக்கு 70 மைல் என்று முள் காட்டிய அதே இடத்தில் வண்டி இப்போது 72 மைலில் போகும். இங்குள்ள விதிப்படி ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது. அதனால் பெரும்பாலான வண்டிகளில் முள் கொஞ்சம் கூட்டியே காட்டும். டயர் உயரம் கூடக் கூட அந்தக் கையிருப்பு கரைகிறது. அதே 15 இன்ச் ரிம்மில் 195/60 போட்டாலோ உயரம் 615 ஆகிவிடும். ரிம் அளவை மட்டும் பார்த்து டயர் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

பக்கச் சுவரையும் பாருங்கள். 185/60இல் 111 மி.மீ. இருந்தது, 195/50இல் 97.5, 205/40இல் 82. குழியில் விழும்போது அடியை முதலில் வாங்குவது இந்த ரப்பர்தான். அது குறைந்தால் அடி ரிம்முக்கும் முதுகெலும்புக்கும் போகும். பெரிய ரிம் பொதுவாகக் கனமும் கூட. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால் சக்கரம் மேடுபள்ளத்தோடு ஒட்டி ஓடாது. லேசான காரில் அது உடனே தெரியும்.

அப்படியானால் 14லேயே இருந்துவிடலாமே? இருக்கலாம். சிக்கல் கடையில் இருக்கிறது. புதிய கார்கள் பெரிய ரிம்முக்குப் போய்விட்டதால் 14 இன்ச்சில் நன்றாகப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் டயர்கள் குறைந்துவிட்டன. 195/50 ஆர் 15இல் இன்னமும் தேர்வு அதிகம், சுமைக் குறியீடும் அதே 82இல் கிடைக்கிறது. மாஸ்டாவே இரண்டாம் தலைமுறைக் காரின் சில வகைகளுக்கு இந்த அளவைத்தான் கொடுத்தது. டயர் முடிவாகிவிட்டது. இனி ரிம்.

ஆஃப்செட் என்னும் மறைந்த எண்

ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாக்கி நடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் தள்ளி இருந்தால் பிளஸ். ரிம்மின் பெரும்பகுதி உள்ளே போய்விடும். இந்தக் காரின் ஒரிஜினல் ரிம் 5.5 இன்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 45.

இரண்டாம் தலைமுறையின் 15 இன்ச் ரிம் 6 இன்ச் அகலம், பிளஸ் 40. கணக்குப் போட்டால் வெளி விளிம்பு 11 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். எங்கும் உரசாது. படங்களில் வரும் 8 இன்ச் அகல, பூஜ்ய ஆஃப்செட் ரிம் போட்டால் வெளி விளிம்பு 77 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். மட்கார்டின் உள்மடிப்பை மடக்கினாலும் தீராது. டயர் தரையைத் தொடும் இடம் ஸ்டியரிங் திரும்பும் அச்சை விட்டு விலகுவதால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டியரிங் கையை இழுக்கும்; ஹப் பேரிங்குக்கும் சுமை கூடும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் கை வலிக்கும்.

நான்கு நட்டுக்குள் இருக்கும் பொறி

எம்எக்ஸ்-5 ஹப்பில் நான்கு போல்ட். அவை உட்காரும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. பழைய மினி காரிலும் நான்கு போல்ட்தான், ஆனால் அந்த வட்டம் 4 இன்ச், அதாவது 101.6. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். பலவந்தமாக முடுக்கினால் ஏறியும் விடும். ஆனால் நட் சாய்ந்து உட்காரும், போல்ட் எந்நேரமும் வளைவுச் சுமையில் இருக்கும். ஒரு நாள் அறுந்துவிடும்.

1990களின் ஹோண்டா சிவிக் ரிம்முக்கு வட்டம் சரியாக 100. ஆனால் நடுத்துளை 56.1 மி.மீ., மாஸ்டாவின் ஹப் 54.1. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். இன்னொன்று, ஹோண்டா கம்பெனி ரிம்மில் நட் உட்காரும் குழி உருண்டை, மாஸ்டா நட்டின் முனை 60 டிகிரி கூம்பு. மரை இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் நட் ஏறிவிடும், ஆனால் பிடிப்பு ஒரு மெல்லிய கோட்டில்தான். ரிம்மை வாங்கினால் அதற்குரிய நட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். முடுக்கும் அளவு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பேனரால் மட்டும்.

மாட்டிப் பார்ப்பது

டயர் ஏற்றாத வெறும் ரிம்மை முதலில் மாட்டுங்கள். பிரேக் கேலிப்பரில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். டயர் ஏற்றிவிட்டால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். டயர் போட்ட பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும், வண்டியின் பின்பக்கத்தை ஆள் வைத்து அழுத்தியும் பாருங்கள். டயர் உடம்பில் உரசினால் இங்கே வருடாந்தரச் சோதனையில் வண்டி தேறாது. ரிம் மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்று பணம் கிடைப்பது சந்தேகம்.

பழைய ரிம்மை டயரோடு விற்பவரிடம் போனால் பட்டன் ஆழத்துக்கு முன் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்றே எண் இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தியது. பட்டன் புதிதாக இருந்தாலும் அதற்கு விலை பேசாதீர்கள்.

பையனுக்கு நான் சொன்னது இரண்டாம் தலைமுறை மாஸ்டாவின் பழைய 15 இன்ச் ரிம், 195/50 புது டயர். வளையம் வேண்டாம், அவன் நட்டே போதும், உடம்பில் கை வைக்க வேண்டாம். மிச்சப் பணத்தில் நல்ல டயராக வாங்கினான். அளவு, ஆஃப்செட், நட் வகை மூன்றையும் ஒரு தாளில் எழுதி வண்டிப் பத்திரத்தோடு வைக்கச் சொன்னேன். இந்த வயதுக் கார்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். அடுத்து வாங்குபவர் டயர்க் கடையில் போய் நிற்கும்போது அவருக்குத் தேவைப்படும்.