சாயம் பூசியதும் வீடு முடிந்துவிடாது, குடிபுகுமுன் சி.சி.சி. தேவை

ஆயர் ஈத்தாம் போன்ற ஊர்களில் சொந்த நிலத்தில் வீடு கட்டுவோர், சாயம் பூசி விளக்கு எரிந்ததும் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்ப்பதுண்டு. ஆனால், சட்டப்படி குடிபுக சி.சி.சி. எனப்படும் கட்டட நிறைவுச் சான்றிதழ் வேண்டும்.

முன்பு ஊராட்சி மன்றம் சி.எப். வழங்கியது. 2007 ஏப்ரல் 12 முதல் சி.சி.சி. அறிமுகமானது. வீட்டு வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞர், பொறியாளர் அல்லது பதிவுபெற்ற கட்டட வரைவாளரே அதை வழங்குகிறார்.

அதற்கு முன் அடித்தளம் தொடங்கி ஒவ்வொரு கட்ட வேலைக்கும் உரிய பாரம் நிரப்பப்பட வேண்டும். ஜி1 முதல் ஜி21 வரை உள்ள இந்தப் பாரங்களில், வேலை செய்த குத்தகையாளரும் மேற்பார்வையிட்டவரும் கையொப்பமிட வேண்டும். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், சாலை, வடிகால் ஆகியவற்றுக்கான ஒப்புதலும் தேவை.

சிக்கல் இங்கேதான் வரும். குத்தகையாளர் பாதியில் விலகினால் கையொப்பம் விடுபடும். வரைபடத்தில் இல்லாதபடி சமையலறையைப் பின்னால் நீட்டினால் சான்றிதழ் தடைபடும். ஆகவே, தவணைப் பணம் கொடுக்கும்போதே அந்தக் கட்டத்தின் பாரம் கையொப்பமாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். கடைசித் தவணை சி.சி.சி. கிடைத்த பிறகே என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

சி.சி.சி. இல்லாமல் குடியிருந்தால், 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் 250,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பால் காய்ச்ச நாள் குறிப்பதே பாதுகாப்பு.