கிழமை தவறாத எண்

ஆடிப்பெருக்கு என்றால் காவிரிக்கரைக்குப் புதுவெள்ளம். சிவகாசிக்குப் புதுக் காலண்டர். அன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது இந்த ஊர் அச்சகங்களின் வழக்கம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்த கைகள்தான் காலண்டரையும் பிடித்துக்கொண்டன.

ஒரு தினசரித் தாளைக் கிழித்துப் பாருங்கள். கொட்டை எழுத்தில் தேதி. சுற்றிலும் கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், சூலம். இதில் கிழமை ஒன்று பிசகினால் போதும். திங்களின் 7.30 முதல் 9 வரையிலான ராகு காலம் செவ்வாயின் 3 முதல் 4.30-க்குத் தாவிவிடும், கிழக்கே இருந்த சூலம் வடக்கே போய்விடும்.

அந்தக் கிழமைக்குக் காவல் நிற்கும் எண் 1,46,097.

1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி கொண்டுவந்த முறையில் 400 ஆண்டுக்கு 97 லீப் ஆண்டுகள். 2000 லீப் ஆண்டு. 1900-மும் 2100-ம் இல்லை. 400-ஐ 365-ஆல் பெருக்கி 97-ஐக் கூட்டினால் 1,46,097 நாள். இதை ஏழால் வகுத்தால் 20,871 வாரம், மீதியே கிடையாது! அதனால் 400 ஆண்டு முடிந்ததும் கிழமைகள் அச்சு மாறாமல் திரும்புகின்றன. ஒரே ஒரு நாள் மிஞ்சியிருந்தாலும் அதற்கு 2,800 ஆண்டு ஆகியிருக்கும். இன்னொரு அழகும் உண்டு: 1900, 2000, 2100 போன்ற ஆண்டுகளின் ஜனவரி முதல் தேதி திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நான்கில்தான் விழும். ஞாயிறு, செவ்வாய், வியாழனுக்கு அந்தப் பேறு என்றைக்குமே இல்லை.

2015-க்கும் 2026-க்கும் இடையே 11 ஆண்டுகள், அவற்றில் மூன்று லீப் நாள்கள். கூட்டினால் 14, அதாவது இரண்டு வாரம். ஆகவே 2015 காலண்டரின் தேதியும் கிழமையும் 2026-க்கு அப்படியே பொருந்தும். ஆனால் பண்டிகை பொருந்தாது. 2015-இல் தீபாவளி நவம்பர் 10; 2026-இல் நவம்பர் 8. சிவகாசிக்கு எந்தத் தேதி முக்கியமோ அதுவே நகர்ந்துவிடுகிறது. சந்திரனுக்குத் தனிக் கணக்கு.

சூரியனுக்கும் நம்மிடம் தனிக் கணக்கு இருக்கிறது. கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் 43,20,000 ஆண்டுக்கு 157,79,17,500 நாள் என்று எழுதிவைத்தார். வகுத்தால் ஓர் ஆண்டுக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டளவு இதுதான். இந்தக் கணக்கில் நாள் முழுதாக வந்து முடிய 576 ஆண்டு வேண்டும்: 2,10,389 நாள். ஏழால் வகுத்தால் மீதி நான்கு. கிழமையும் சேர்ந்து பொருந்த 4,032 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

கிரிகோரியின் கணக்கும் வாக்கியக் கணக்கும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக அச்சாகின்றன. ஆண்டுக்கு 23 நிமிடம் வேறுபாடு. 2026-ஐப் போலவே 2426 ஜனவரி 1-ம் வியாழக்கிழமைதான். ஏப்ரல் 14-இல் இருக்கும் சித்திரை முதல் நாளோ அதற்குள் ஏப்ரல் 20-ஐ ஒட்டி வந்திருக்கும்.