பந்தியும் பண்பும்

பசி வந்தவிடத்து மனிதன் தன் இயல்பை மறைத்துக்கொள்வது அரிது. ஆதலினாலேயே உண்ணும் முறைபற்றிய விதிகள் பல நாட்டு ஒழுக்க நூல்களிலும் பேரிடம் பெற்றுள்ளன. அவ்விதிகள் எதன்பொருட்டு எழுந்தன, எவ்விடத்து வழிதவறின என்பதைச் சிறிது சிந்திப்போம்.

தமிழில் இத்துறைக்கென்றே அமைந்த பழைய நூல் ஆசாரக்கோவை. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த இந்நூலை இயற்றியவர் பெருவாயின் முள்ளியார். கால் கழுவி உண்ணுதல் வேண்டும். கிடந்தும் நின்றும் உண்ணுதல் ஆகாது. விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோர்க்கு உணவளித்த பின்னரே தான் உண்ணவேண்டும் என்பன அவர் வகுத்த விதிகளுட் சில. முன்னையவை தன் உடலைப் பேணுவன. இறுதியிற் கூறியதோ பிறர் பசியை எண்ணுவது. நன்றியறிதல், பொறை, இன்சொல் முதலிய எட்டினையும் ஒழுக்கத்தின் வித்தாக நூலின் தொடக்கத்திலேயே அவர் வைத்தார். தீட்டுக் கருதிய விதிகளும் அந்நூலில் உள என்பதை மறைத்தற்கில்லை.

ஐரோப்பாவிலே, ஒல்லாந்து தேசத்து அறிஞர் எராஸ்மஸ் 1530ஆம் ஆண்டில் சிறுவர்க்கான நடத்தை நூலொன்றை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். பொதுப் பாத்திரத்திற் கையிடுவதற்கு முந்தாதே, நெய் படிந்த விரலை நக்காதே, சட்டையில் துடைக்காதே என்று அவர் அறிவுறுத்தினார். அத்துடன் அமைந்தாரல்லர். பெற்றோரையும் பிறந்த நாட்டையும் எவரும் தெரிந்தெடுக்க இயலாது. பண்பையோ ஒவ்வொருவரும் தாமே ஆக்கிக்கொள்ளலாம் என்றார். தான் வழுவாதிருந்து, பிறர் வழுவைப் பொறுத்தலே நன்னடத்தையின் சாரம் என்றும் முடித்தார்.

இனி நம் வடபகுதிக்கு வருவோம். உதடு படாமல் அருந்துவதற்கு மூக்குப்பேணி வைத்திருந்தவர்கள் நாம். ஒரு பேணியைப் பலர் வழங்குமிடத்து அது தக்கதொரு சுத்தமுறையே. ஆயின், அதே சுத்தத்தின் பெயரால், ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தேநீர்க்கடையின் வெளியே சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் வார்த்த வழக்கமும் இங்கேதான் இருந்தது. பிறரைப் பேண எழுந்த முறை, பிறரை விலக்கும் வேலியாயிற்று. பிறப்பினால் எவரும் அசுத்தராவதில்லை என்ற எளிய உண்மையை ஆசாரம் மறந்துவிட்டது.

சாதியின் பெயரால் பாடசாலை, கடை, உணவகம் முதலிய இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இலங்கையில் நிறைவேறியது. எனினும், தேநீர்க்கடைகளின் உள்ளே சமமாக அமர்வதற்கு 1960களின் பிற்பகுதியிலும் மக்கள் போராடவே வேண்டியிருந்தது. எழுதிய சட்டத்தினும் எழுதாத வழக்கம் வலிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, ஒரு வழக்கத்தைக் கொள்வதா தள்ளுவதா என்பதற்கு அதன் பழைமை அளவுகோலாகாது. அதனால் எவருடைய மனம் நோகின்றது என்று கேட்டலே தக்க சோதனை. வளவைத் துப்புரவாக்க வந்தவருக்கென்று தனிக் குவளை ஒதுக்கும் வழக்கம் நம் இல்லத்தில் இல்லையென்று நெஞ்சறியச் சொல்ல நம்மால் இயலுமா? அவருக்கு எதில் நீர் கொடுக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கை கழுவி உண்ணப் பழக்கும் நாமே, நாம் அருந்தும் குவளையில் அவருக்கும் நீர் கொடுத்துக் காட்டுவோமாக.