கீழ்ப்படியில் நின்றவரின் பெருஞ்சாதனை

உதைபந்தாட்டத்திற் புகழ் பெற்றோர் யாவரெனின், உலகக் கிண்ணத்தில் ஆடியோரையும் முதற்பிரிவுக் கழகங்களின் நாயகர்களையுமே நாம் எண்ணுதல் வழக்கம். ஆயின், இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் யாவரினும் மிகுதியான கோல்களைப் போட்டவர் எவரென வினவின், நம்மிற் பலர் கேட்டறியாத ஒரு பெயரையே விடையாகக் கூறல் வேண்டும். அவரே ஆதர் றோலி.

ஈண்டு, அவர் காலத்து லீக்கின் அமைப்பினைச் சிறிது விளக்குவோம். அது ஏணி போன்றது. ஒரு பிரிவில் முன்னணியில் நிற்கும் கழகங்கள் பருவமுடிவில் மேற்பிரிவுக்கு உயர்த்தப்படும். கடைநிலையில் நிற்பன கீழிறக்கப்படும். 1958 தொடக்கம் இவ்வேணிக்கு நான்கு படிகள் இருந்தன.

1926இல் வூல்வர்ஹம்ரன் நகரிற் பிறந்த றோலி, வெஸ்ற் புறொம்விச், புல்ஹம் ஆகிய கழகங்களில் ஆடியபின், 1950இல் லெஸ்ரர் கழகத்தைச் சேர்ந்தார். ஆங்கு 303 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் போட்டார்; ஆறு ஆட்டங்களுக்கு ஏறத்தாழ ஐந்து கோல் என்பது இதன் வீதம். 1956–57ஆம் பருவத்தில் அவர் போட்ட 44 கோல்கள், இரண்டாம் பிரிவில் அக்கழகம் முதலிடம் பெறப் பெருந்துணையாயின. இடக்கால் உதையின் வன்மையால் அவரைப் பீரங்கிக்காரர் என்றே அழைத்தனர்.

1958இல், முப்பத்திரண்டாம் வயதில், நான்காம் பிரிவிலிருந்த சுறூஸ்பரி என்னும் சிறு கழகத்துக்கு ஆட்டக்காரராகவும் முகாமையாளராகவும் சென்றார். முதற் பருவத்திலேயே 38 கோல்கள் போட்டார். கழகமும் மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்தது. 1961இல் டிக்சி டீன் என்பாரின் 379 லீக் கோல்களையும் கடந்தார். 1965இல் ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றபோது 619 ஆட்டங்களில் 434 கோல்கள் அவர் கணக்கில் இருந்தன. அத்தொகையை இற்றைவரை எவரும் எட்டினாரல்லர்.

எனினும், இங்கிலாந்தின் முதன்மை அணியில் ஒருமுறையேனும் ஆடும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அவர் தமையனார் ஜாக் றோலி, மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தவர், அப்பேற்றினை ஆறு முறை பெற்றார்.

கீழ்ப்பிரிவிற் போட்ட கோல்கள் எளியன என்பார் உளர். கீழ்ப்பிரிவிலும் காவலர் வழிவிட்டு நிற்பதில்லை. முதற்பிரிவில் ஆடிய பருவங்களிலும் றோலி கோல் போடத் தவறினாரல்லர். அழைப்பு வாராமையை எண்ணிச் சோர்ந்திருப்பின், பத்தொன்பது பருவங்கள் அவர் கால்கள் ஓடியிரா. 2002இல் அவர் மறைந்தார். கணக்கு நிலைத்து நிற்கின்றது.

மாணவர்களே! முதலணிப் பட்டியலில் உங்கள் பெயர் காணப்படாத நாளில் றோலியை நினையுங்கள். ஆசிரியராகிய நாமும், பட்டியலுக்கு வெளியே நிற்போரை மறவாதிருத்தல் கடன்.