ஒல்லாந்தர் சுவட்டில் ஒரு நாள்

மேலைத்தேயஞ் சென்று மீண்டவர்கள் கூறும் செய்திகளுள் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கால்வாய்களைப் பற்றிய வருணனை தவறாமல் இடம்பெறும். குடையை உயர்த்திப் பிடித்த வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, பல நாட்டு யாத்திரிகர் பின்னே நடப்பர். பாலத்துக்குப் பாலம் நின்று கரையோர மாளிகைகளை அண்ணாந்து பார்ப்பர். 1613ஆம் ஆண்டு முதலாக வெட்டப்பட்ட அவ்வளையக் கால்வாய்கள் 2010இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டன. மாளிகைகளின் முகட்டடியில் உத்தரங்கள் வெளியே நீண்டிருக்கும். படகில் வந்த சரக்கைக் கயிறு கட்டி மேல்மாடிக்கு ஏற்றுதற்கு அமைந்தவை அவை. அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது? மிளகும் சாதிக்காயும் கிராம்பும் பல தேசங்களிலிருந்து வந்தன. கறுவா வந்தது நம் இலங்கைக் கரையிலிருந்து. ஆகவே ஆம்ஸ்டர்டாமில் நடப்பவர் கதையின் பிற்பாதியைத்தான் காண்கிறார். முற்பாதியைக் காண விரும்புவோர் புத்தளம் பஸ்ஸில் ஏறினாற் போதும்.

பாலாவிச் சந்தியிற் பிரியும் சாலை, ஒரு புறம் களப்பும் மறு புறம் பெருங்கடலுமாக நீண்டு கிடக்கும் தீபகற்பத்தின் வழியே கற்பிட்டியை நோக்கிச் செல்கிறது. முதலிற் கண்ணிற் படுபவை உப்பளங்கள். அடுத்து, 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி. சாலையோரத்து ஊர்கள் சிலவற்றில், 1990ஆம் ஆண்டு ஐப்பசியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வந்து குடியேறினர். மாணவர் கேட்பின் அக்கதையையும் ஆசிரியர் மறையாது சொல்லல் வேண்டும்.

கற்பிட்டிக் கோட்டை இன்று கடற்படை முகாமின் எல்லைக்குள் இருக்கிறது. வாயிலில் அனுமதி பெற்றபின் கடற்படை வீரர் ஒருவர் உடன்வந்து காட்டுவார். நமக்கும் ஒரு வழிகாட்டி! குடைதான் இல்லை. 1667இல் தொடங்கி 1676இல் முடிந்த கட்டடம் இது. மதில்கள் பவளக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆனவை, இக்கரையிலேயே கிடைத்தவை. வாயில் வளைவு மட்டும் சிறிய மஞ்சட் செங்கற்களால் ஆனது. அச்செங்கற்கள் ஒல்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவை என்பர். உள்ளே கூரையிழந்த கோயிற் சுவரும் சிறையறைகளும் படைவீரர் வதிந்த மனைகளின் இடிபாடுகளும் உள்ளன. நிலத்தடிச் சுரங்கம் ஒன்று உண்டு என்ற பேச்சும் தவறாமல் எழும். சுரங்கக் கதை இல்லாத கோட்டையை நான் இதுவரை கண்டதில்லை.

மதில்மேல் நின்றபோது மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, பகைவர் கடல்வழியாக வருவார்கள் என்றால், கோட்டை ஏன் களப்பைப் பார்த்து நிற்கிறது?"

நல்ல வினா. இக்கோட்டையின் வரலாறு முழுவதும் அதற்கான விடையில் அடங்கியிருக்கிறது. புத்தளக் களப்பு வடக்கே மட்டும் கடலோடு கலக்கிறது. புத்தளத்திலிருந்து கடலுக்குச் செல்லும் படகு எதுவாயினும் கற்பிட்டியைக் கடந்தே தீரவேண்டும். புத்தளமோ பழந்துறை. 1344இல் இபுன் பதூதா வந்திறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டது இங்கேதான்; கரையிலே கறுவாக் கட்டைகள் மலைபோற் குவிந்து கிடந்ததாக எழுதினார். பின்னாளில் அத்துறை கண்டியரசின் கடல்வாயிலாக விளங்கியது. மலைநாட்டுப் பாக்குப் பொதிமாடுகளில் வந்து இங்கே படகேறும். தென்னிந்தியத் துணியும் அரிசியும் இங்கிருந்து மேலேறும்.

கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை விரட்டும் பொருட்டு 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். 1658இல் போர்த்துக்கேயர் அகன்றனர். துணைக்கு வந்தவர்களோ அகலவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் இதனைப் பழமொழியாகச் சொல்வர். அந்த மிளகாய்க் காரம் கற்பிட்டியில் எழுந்த மதில்களில் இருக்கிறது. பகைவர் கப்பலைத் தடுப்பதினும் நட்பு மன்னனின் வணிகத்தைத் தடுப்பதே இக்கோட்டையின் வேலை. நூறாண்டுகளின் பின், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. கண்டி மக்களுக்கு எஞ்சியது புத்தளம், சிலாபம் முதலிய இடங்களில் உப்பள்ளிக்கொள்ளும் உரிமை. கடலால் சூழப்பட்ட தீவின் அரசன் உப்புக்கு உடன்படிக்கை எழுத நேர்ந்தது. ஒல்லாந்தரும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1795 நவம்பரில் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர்.

கோட்டையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஒல்லாந்தர் வழிபட்ட பேதுரு தேவாலயம். அவர்களுடைய கல்லறைக் கற்கள் அங்கே உள்ளன. உப்புக்காற்று எழுத்துக்களை மெல்ல மெல்ல உண்டு வருகிறது. கல்லிற் பொறித்தது அழிய, நாவிற் பதிந்தது நிற்பதுதான் வியப்பு! கந்தோர், அப்புக்காத்து, நொத்தாரிசு, கக்கூசு என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் அவர்கள் விட்டுச்சென்றவை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இல் ஏட்டில் ஏற்றியவர்களும் அவர்களே.

இவ்வூர்த் தெருக்களில் நடக்கும்போது நினைக்கவேண்டிய தமிழர் ஒருவரும் உளர். 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர், ஆறு, குடி, விளைபொருள் அனைத்தையும் அகரவரிசையில் விளக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 1838இல் சட்டநிருபண சபையில் தமிழருக்கு உறுப்பினரானார். பிற்காலத்தில் சிலாபத்தில் நீதிபதியாயிருந்தார். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலாக்கி, அடுத்த ஆண்டு மறைந்தார். கோட்டையைக் காண வருவோருட் பலர் இப்பெயரைக் கேட்டதும் இல்லை என்பது வருந்தத்தக்கது.

இனிக் கால்வாய். இதனைக் கற்பிட்டியிற் காண இயலாது. பாலாவிக்கு மீண்டு, தெற்கே முந்தல், உடப்புப் பக்கம் செல்லவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கடல் படகுக்கு இடங்கொடாது. ஆயினும் கரைக்குள்ளே புத்தளக் களப்பு, முந்தல் களப்பு, சிலாபக் களப்பு, நீர்கொழும்புக் களப்பு என நீர்நிலைகள் வரிசையாய்க் கிடக்கின்றன. இடையிலுள்ள தாழ்நிலத்தை வெட்டிவிட்டால், கடலிற் கால் வையாமலே கொழும்பு சேரலாம். ஒல்லாந்தர் செய்தது அதுவே. மன்னனுக்குக் கடல்வாயிலை அடைத்தவர்கள் தமக்கென உள்வழி ஒன்று திறந்தார்கள். அடி தட்டையான படகுகள் கறுவாவும் பாக்கும் உப்பும் கொப்பராவும் சுமந்து, கழியூன்றித் தள்ளப்பட்டு அவ்வழியே சென்றன.

வெட்டியவர்களுக்கு எல்லாம் நன்மையாக முடிந்தது என்றும் சொல்வதற்கில்லை. நீர்கொழும்புக்குத் தெற்கே முத்துராசவெலவில் கால்வாய் வழியே உவர்நீர் ஏறி, நெல் விளைந்த நிலம் சதுப்பாயிற்று. ஆங்கிலேயர் 1802 முதல் 1804 வரை அங்கே மற்றொரு கால்வாய் வெட்டியும் வயல்கள் மீளவில்லை. 1926இல் புகைவண்டி புத்தளத்தை எட்டியது. படகோட்டிகளின் காலம் அத்துடன் முடிந்தது.

படகு நின்றாலும் நீர் நிற்கவில்லை. இறால் வளர்ப்புப் பெருகியபோது, கால்வாயின் இரு கரையிலும் கண்டற் காடுகளை அழித்துக் குளங்கள் தோண்டினர். குளத்துக்கு நீர் எடுப்பதும் அக்கால்வாயில்; கழிவுநீரை விடுவதும் அக்கால்வாயில். ஒருவர் குளத்து நோய் அடுத்தவர் குளத்துக்குத் தண்ணீரோடு போயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வெறுமையாயின. கடன் வாங்கிக் குளம் வெட்டிய சிறியோர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. கைவிடப்பட்ட குளங்களை இன்றும் காணலாம். உப்புப் படிந்த அந்நிலத்தில் எளிதிற் புல்லும் முளையாது. பின்னர் கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இன்ன பகுதியார் இன்ன காலத்திற் குஞ்சு விடுக என்று முறைவைத்தனர். ஒரே நீரைப் பலர் பங்கிடுவதற்கு நம் வயற்காரர் தொன்றுதொட்டுக் கையாண்ட வழி அதுவே. இறாலுக்கு அது பிந்தி வந்தது. கண்டல் அழிந்த இடத்தில் மீன்குஞ்சுக்கு ஒதுங்க நிழலில்லை. அதனால் கைவலையை நம்பிய களப்பு மீனவரும் நட்டமடைந்தனர். அவர்கள் குளம் வெட்டியவர்களும் அல்லர். இலாபங் கண்டவர்களும் அல்லர்.

உடப்பு தமிழ் மீனவர் வாழும் ஊர். மேற்கே கடல் முழங்க, பின்னே நீர்வழி அமைதியாய்க் கிடக்கும். திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாத் தீமிதிப்பைக் காணப் பிற ஊர்களிலிருந்தும் மக்கள் திரளுவர்.

செல்ல விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். கோட்டையைப் பார்க்கும் அனுமதியைக் கடற்படையினரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து கொள்க. வெயில் ஏறுமுன் கோட்டை மதிலை முடித்துவிட்டு, மாலைச் சாய்வில் கால்வாய்க் கரைக்கு வருவது நலம். குடிநீரையும் தொப்பியையும் மறவற்க. ஓர் இலங்கைப் படமும் கையிலிருக்கட்டும். அதை மதில்மேல் விரித்து வைத்துக்கொண்டு, கோட்டை ஏன் களப்பைப் பார்க்கிறது என்ற வினாவை மாணவரிடமே விட்டுவிடலாம்.