விளையாட்டு வீரனும் பல்கலைக்கழக வாயிலும்

கல்வியும் விளையாட்டும் ஒன்றற்கொன்று பகையென்னும் எண்ணம் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலரிடம் வேரூன்றியுள்ளது. அது முற்றிலும் தள்ளற்பாலதன்று. பயிற்சிக்குச் செல்லும் நேரம் படிப்பு நேரத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது. காங்கேசன்துறை வீதியை அடுத்த இணுவிலிலே ஓட்டத்திற் சிறந்த ஒரு மாணவனை எண்ணுக. விடியலில் ஓடுகின்றான், பகலிற் பாடசாலையிற் கற்கின்றான், மாலையிலோ தனியார் வகுப்பும் மைதானமும் ஒரே வேளையில் அவனை அழைக்கின்றன. எதனை விடுப்பதென அவனே தனித்துத் துணியுமாறு விடப்படுவதே பெருங்குறை.

இரண்டும் ஒருவர்க்குக் கைகூடும் என்பதற்கு யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் சான்றாவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற் பங்குபற்றியபோது அவருக்கு வயது 17. 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப்பதக்கத்தை ஈட்டினார். அவர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்செலிஸ் வளாகத்திற் பயின்று, பின்னர் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 2024இல் மறைந்தார். பாய்ச்சலை யாவரும் நினைவிற் கொண்டுள்ளனர். பட்டத்தைச் சொல்வோர் சிலரே.

இனி, வாயிலின் இயல்பை நோக்குவோம். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதி, உயர்தரப் பரீட்சையின் மூன்று பாடங்களாற் பெறும் இசட் புள்ளியைப் பெரிதும் சார்ந்தது. தேசிய, சர்வதேச மட்டங்களிற் சிறந்தோர்க்குச் சிறப்பு அனுமதி உண்டெனினும், பரீட்சைச் சித்தி அங்கும் வேண்டப்படும், சான்றிதழ்களும் வேண்டப்படும். ஆதலால் நிகழ்ச்சி, நாள், பெற்ற இடம் என்பன தெளிவாகக் குறிக்கப்பட்ட சான்றிதழ்களைக் கறையான் அரியாது பேணுதல் வீட்டார் கடன்.

ஆயினும் உண்மையான முடிவு அதற்கு முன்னரே, சாதாரண தரப் பரீட்சை முடிந்தவுடன் நிகழ்ந்துவிடுகின்றது. 'விளையாட்டுப் பிள்ளைக்குக் கலைப்பிரிவு போதும்' என்று கூறிவிடுதல் எளிது. அப்பிள்ளை பின்னர் இயன்மருத்துவம் கற்க விழையுமாயின், உயிரியற் பிரிவிற் கல்லாமையால் வழி அடைபட்டிருக்கும். சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டநெறி உண்டென்பதைப் பதினாறு வயதில் அறிந்தவன் ஒருவாறு ஆயத்தஞ் செய்வான். பத்தொன்பதில் அறிந்தவன் வருந்துவான்.

அமெரிக்கக் கல்லூரிகளை நாடுவோர்க்கு விதி வேறு. அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதற்பிரிவிற் போட்டியிட, இடைநிலைக் கல்வியின் நான்காண்டுகளிலும் பரந்த 16 பாட அலகுகள் வேண்டப்படுகின்றன. எனவே சாதாரண தரப் பெறுபேறும் கணக்கிற் சேரும். ஆங்கிலத் தேர்ச்சியோ இறுதியாண்டிற் பதறிப் பெறத்தக்கதன்று.

வழிகாட்டல் என்பது பெருஞ்செலவுடைய காரியமன்று. முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்பே பயிற்றுநரும் வகுப்பாசிரியரும் ஒருங்கிருந்து, போட்டி நாட்களையும் பரீட்சை நாட்களையும் ஒரே தாளில் எழுதலாம். அத்தாளின் பிரதியொன்று தாயின் கையிலும் இருத்தல் வேண்டும். அதிகாலையில் மாணவனை எழுப்புபவர் அவரன்றோ.